ஆறாத அட்டைக் கடி

அட்டைக் கடி என்றுதான் நானும் நினைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல் அதைத்தான் கேட்டார்கள். படித்த பிள்ளை மாதிரி இருக்கிறீர்களே, இத்தனை மாதமாக எப்படி அட்டைக் கடி என்று நம்பிக்கொண்டிருந்தீர்கள்? படிப்புக்கும் தொடையிடுக்குக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. நான் பதினோராம் வகுப்பு, சாதாரண தரம் வரை படித்தவள். கையில் கிடைக்கிற புத்தகத்தை இன்றைக்கும் விடாமல் வாசிக்கிறவள். அதற்காக லயத்துக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டில், கண்ணாடியைக் கீழே வைத்துக் குந்திப் பார்க்க எனக்கென்று ஒரு மூலை கிடைத்துவிடாது. எங்களுக்கு இருப்பது ஒரே அறை, முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு. பகலில் கதவைச் சாத்தினால், என்ன இந்த நேரத்தில் கதவடைப்பு என்று பக்கத்துக் காம்பராவிலிருந்து குரல் வரும்.

எங்கள் தோட்டம் பூனாகலைப் பக்கம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் தேயிலை மலையில் அட்டைக்குக் குறைவே இல்லை. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வோம், காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக் காயவிடுவோம், சிலர் புகையிலைத் தண்ணீர் தடவுவார்கள். அட்டை இதையெல்லாம் பெரிதாக மதிப்பதில்லை. சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒருத்தி திடுக்கென்று எழுந்து செடிக்குப் பின்னால் ஓடுவாள். "அட்டைக்குக்கூட ஒரு வெக்கம் மானம் இல்ல பாரு" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். கடித்த இடம் அரிக்கும், சொறிந்தால் புண்ணாகும், சுண்ணாம்பு வைத்தால் காயும். எந்த இடம் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அட்டைக் கடி என்று சொன்னால் போதும், பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அந்த ஐப்பசியில் பெண்ணுறுப்பின் ஓரத்தில், தொடை சேருகிற இடத்தில், ஈரமாக ஒரு புண் வந்தது. சுண்ணாம்பு வைத்தேன். உயிர் போகிற எரிச்சல். மூன்று நாள் விட்டு மறுபடியும் வைத்தேன். புண் கொஞ்சம் அகன்றதே தவிரக் காயவில்லை. அன்று மாலை வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"எந்த எடத்துல?" என்று கேட்டார்.

சொன்னேன். அடுப்பில் இருந்த விறகை உள்ளே தள்ளிவிட்டு, "அட்டைக் கடிதான் புள்ள. சொறியாத, ஆறிடும்" என்றார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலியாணம் முடித்த காலத்திலிருந்தே அவர் கொழும்பில், மொத்த வியாபாரக் கடையொன்றில் வேலை செய்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும் வருவார். அந்த ஐப்பசி மழைக்கு ஒன்றரை வருடம் முன்னால், நீண்ட நாள் இருமலில் மெலிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, சுகமாகி, இனி கொழும்பு வேண்டாம் என்று ஒரேயடியாக வந்துவிட்டார். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை கிடைத்தது. வந்த நாளிலிருந்து இஸ்தோப்பில் தனியாகத்தான் படுத்தார். உடம்பு தேறவில்லை போலிருக்கிறது என்று நான் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது ஓய்வாக இருந்தது.

கொழும்பிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து பிரஷர். அப்படித்தான் நான் கேலி செய்வேன். தினமும் மாலை ஆறரைக்கு அவருடைய போன் அலாரம் அடிக்கும். ஆணியில் தொங்குகிற பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துப் போடுவார். நான் சுடுதண்ணீர் கொடுப்பேன். பல நாள் அந்த நேரத்தில் கோயில் பக்கம் நின்று கதை அளந்துகொண்டிருப்பார். நான் மகளை அனுப்புவேன். அவளுக்கு எட்டு வயது. "அப்பா, மாத்திர!" என்று லயம் முழுக்கக் கேட்கக் கத்திக்கொண்டு ஓடுவாள். பிரஷரை விளையாட்டாக எடுத்தால் ஒரு நாள் வாய் கோணிக்கொண்டு விழுவீர்கள் என்று நான் திட்டுவேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரயிலேறிக் கொழும்பு கிளினிக்குக்குப் போய் வருவார். பதுளையில் பிரஷருக்கு மருந்து இல்லையா என்று கேட்டால், "அங்க உள்ள டொக்டருக்குத்தான் என் உடம்பு தெரியும்" என்பார். அவர் போய் வந்த பிறகு குப்பையில் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டலங்கள் கிடக்கும். புதுச் சப்பாத்துப் பெட்டியில் ஈரம் பிடிக்காமல் இருக்க வைப்பார்களே, அந்த மாதிரி. மகள் அவற்றைப் பொறுக்கி வைத்துக் கடை விளையாடுவாள். அவளுடைய கடையில் அதுதான் சீனி மூட்டை. வாயில் வைக்காதே என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

கார்த்திகை போனது, மார்கழி போனது. மலையில் கக்கூஸ் கிடையாது, செடிமறைவுதான். சிறுநீர் அந்தப் புண்ணில் பட்டால் கண் இருட்டிக்கொண்டு வரும். அதனால் பத்து மணித் தேத்தண்ணியை நிறுத்தினேன். பிறகு தண்ணீரையும் நிறுத்தினேன். வீட்டுக்கு வந்து வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் எரிச்சல் குறையும் என்று நானாகவே கண்டுபிடித்தேன். அப்போது அது பெரிய கெட்டித்தனமாகத் தெரிந்தது.

தோட்டத்து மருந்துச்சாலைக்கும் போனேன். டாக்டரையா மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே கேட்டார்.

"என்ன?"

"அட்டைக் கடிங்கய்யா. ஆற மாட்டேங்குது."

"எங்க?"

"தொடையில."

பூசுகிற மருந்தும் ஏழு நாள் மாத்திரையும் கொடுத்தார். அவர் காட்டச் சொல்லவில்லை, நானும் காட்டுகிறேன் என்று சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. காட்டச் சொல்லியிருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன்.

மாசி பிறந்தது. மழை விட்டு, மண் காய்ந்து, மலையில் மருந்துக்குக்கூட ஒரு அட்டை கிடையாது. புண் மட்டும் இருந்தது. இப்போது அது வெறும் புண்ணாகவும் இல்லை. விரல் வைத்துப் பார்த்தால் கோழிக் கொண்டை போல மேடு தட்டியிருந்தது. வாடையும் வந்தது. நான் காலை அகட்டி நடப்பதைப் பக்கத்துக் காம்பரா அக்கா கவனித்திருக்கிறாள். ஒரு நாள் தண்ணீர்ப் பீலியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். வழக்கம்போல் அட்டைக் கடி என்றேன்.

"மாசி மாசத்துல என்னடி அட்டைக் கடி? காட்டு."

வெட்கத்தை விட்டுக் காட்டினேன். மறுநாள் காலை வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் போகவிடாமல் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அக்காவுக்கு நல்ல சிங்களம் தெரியும். டொக்டர்மாரிடம் போக வேண்டியவர்களுக்கு எங்கள் லயத்தில் அவள்தான் மொழிபெயர்ப்பு. அதனால் எங்கள் லயத்தில் யாருக்கு என்ன வியாதி என்பது நோயாளிக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். திரைக்குப் பின்னால் சத்திரசிகிச்சை டொக்டர் என்னைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். அதில் 'பிலிக்கா' என்ற ஒரு சொல் எனக்கே விளங்கியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"கேன்சரா இருக்கலாமாம்டி. ஒரு துண்டு வெட்டி அனுப்பிப் பாக்கணுமாம்."

துண்டு எடுத்தார்கள். பஸ் தோட்டத்துக்கு வந்து சேருவதற்குள் செய்தி போனில் வந்து சேர்ந்துவிட்டது. அன்று மாலையே வீட்டுக்குச் சாப்பாடு வர ஆரம்பித்தது. ஒரு வீட்டில் இடியப்பம், ஒரு வீட்டில் அவித்த முட்டை, என்னோடு இரண்டு வருடமாகப் பேசாத ஒருத்தியிடமிருந்து ரசம். கங்காணி வந்து, கூடையைத் தூக்க வேண்டாம், பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள் என்றார். கேன்சருக்கு எங்கள் ஊரில் நல்ல மரியாதை. எனக்கு அதுவரை யாரும் அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

எல்லாரையும் விட அவர்தான் அதிகமாகப் பார்த்தார். என் துணிகளை வாங்கிக்கொண்டு போய்ப் பீலியில் துவைத்தார். பொஞ்சாதியின் பாவாடையைப் பட்டப்பகலில் துவைக்கிற ஆம்பிளையை எங்கள் லயம் அதற்கு முன் கண்டதில்லை. பெண்கள் தங்கள் புருஷன்மாரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். என் வியாதி குணமானால் சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி எடுக்கிறேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். நான் கொடுத்து வைத்தவள் என்று அக்கா சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பங்குனியில் முடிவு வந்தது. கேன்சர் இல்லை. லயத்தில் எல்லாரும் அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டார்கள். சத்திரசிகிச்சை டொக்டருக்கு மட்டும் திருப்தியில்லை. பதுளையில் தோல் டொக்டரிடம் காட்டச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். கேன்சர் இல்லை என்றானபின் அக்காவுக்கு அவசரமில்லை. நான் தனியாகப் போனேன். அவள் வராதது நல்லதாகப் போயிற்று.

தோல் டொக்டர் சின்ன வயதுப் பெண். எனக்குத் தெரிந்த சிங்களமும் அவருக்குத் தெரிந்த தமிழும் போதுமாக இருந்தது. வெளிச்சத்தைச் சாய்த்து வைத்து நீண்ட நேரம் பார்த்தார். பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்தார். பிறகு என்னை உட்காரவைத்து ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னார். இது ஹேர்பீஸ் என்கிற கிருமி. நிறையப் பேருக்கு இருக்கும், பாதிப் பேருக்கு இருப்பதே தெரியாது. சாதாரணமாகச் சின்னக் கொப்புளமாக வரும், எரியும், இரண்டு மூன்று வாரத்தில் தானாக ஆறும், நரம்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். உடம்பின் காவல் நன்றாக இருக்கும்வரை அது வாலாட்டாது.

"உங்களுக்கு ஆறவே இல்ல. வளந்து கட்டி மாதிரி வந்திருக்கு. இப்பிடி வந்தா, காவலுக்கு என்ன ஆச்சுன்னு நாங்க பாக்கணும்" என்றார். "இரத்தத்துல எச்.ஐ.வி. பாக்க உங்களுக்குச் சம்மதமா?"

சம்மதம் என்றேன். இரும்புச் சத்துப் பார்க்கவா என்று கேட்டிருந்தாலும் அதே குரலில்தான் சொல்லியிருப்பேன். புண்ணுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் அதே வளவில் வேறொரு கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள்.

அந்தக் கிளினிக்கில் இருந்த நர்ஸ் மிஸ்ஸி நன்றாகத் தமிழ் பேசினார். அங்கிருந்த டொக்டர் சொன்னதை அவரும் ஒரு தடவை சொன்னார். இருக்கிறது. இரண்டாவது தடவையும் பார்த்துவிட்டோம். கொஞ்ச வருடமாகவே இருந்திருக்க வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை. சுவரில் ஒரு கலண்டர் இருந்தது, போன மாதத்தாளைக் கிழிக்காமல் விட்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸ்ஸி கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவர் காத்திருப்பதைப் பார்க்கச் சங்கடமாக இருந்ததால் ஒன்றை உருவிக் கையில் வைத்துக்கொண்டேன். உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது மாதிரி அன்று வீடு வந்து சேர்ந்தேன். அந்த மரப்பு இன்றைக்கும் முழுதாகப் போனது என்று சொல்ல மாட்டேன்.

மிஸ்ஸி இரண்டு காரியம் சொல்லி அனுப்பியிருந்தார். முதலாவது, மகளைக் கூட்டிவர வேண்டும். அவள் வயிற்றில் இருந்தபோது எடுத்த இரத்தத்தில் ஒன்றுமில்லை என்று கிளினிக் கார்டில் இருந்தது. இருந்தாலும் பார்த்துவிடலாம் என்றார்கள். பூச்சிக்கு இரத்தம் பார்க்க என்று பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு இல்லை. அந்த ஒரு நாள் மட்டும் எனக்கு உணர்ச்சி வந்தது. கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். வெளியே வந்து மகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டாவது காரியம் அவர்.

"வீட்டுக்காரருக்கு ஒடம்பு எப்பிடி?"

"அவருக்குப் பிரஷர் மட்டும்தான் மிஸ்ஸி."

"எப்பிடியாவது கூட்டிட்டு வாங்க. அவருக்கும் இருக்கலாம். உங்கள மாதிரி ஒடம்பு விழுந்த பொறகு கண்டுபிடிக்க வேணாம். இப்ப தெரிஞ்சா மருந்து இருக்கு, நல்லா இருக்கலாம். நாங்க பேசவா, நீங்களே சொல்றீங்களா?"

நானே சொல்கிறேன் என்றேன். அடுத்த சில வாரங்கள் முழுக்க என் தலைக்குள் இருந்தது அது ஒன்றுதான். எப்படியாவது அவரைப் பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அவர் விழுந்துவிடுவதற்குள். பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைத் தூங்கவைத்துக்கொண்டே வசனம் சேர்த்தேன். கோபமும் வரத்தான் செய்தது. என் வாழ்க்கையில் அவரைத் தவிர வேறு ஆம்பிளை இல்லை. அப்படியானால் இது கொழும்பிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவருக்கே தெரியாதே, தெரியாத மனிதனிடம் எப்படிச் சண்டை போடுவது? சொன்னால் அவர் எனக்கு எங்கிருந்து வந்தது என்று திருப்பிக் கேட்பார். லயத்தில் யாரை நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும். பாவாடை துவைத்த புருஷனைத்தான். நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே போனேன். கேன்சராகவே இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்ததும் உண்டு.

இதற்குள் தோல் டொக்டரின் மாத்திரை வேலை செய்துவிட்டது. மூன்றாவது வாரத்தில் அந்தக் கொண்டை பாதியாகச் சுருங்கியது. தண்ணீர் ஊற்றாமலே சிறுநீர் போக முடிந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு பத்து மணித் தேத்தண்ணி குடித்தேன், இரண்டு கோப்பை.

சித்திரைத் திருவிழாவில் அவர் தீச்சட்டி எடுத்தார். மஞ்சள் வேட்டி, கழுத்தில் வேப்பிலை, இரண்டு கையிலும் எரிகிற சட்டி. தப்புச் சத்தத்தோடு லயம் லயமாகச் சுற்றி வந்தார்கள். எங்கள் வாசலுக்கு வந்தபோது நான் அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். நெஞ்செலும்பு தெரிய, வியர்வை வழிய, கண் மூடி நின்றார். பெண்கள் குலவை போட்டார்கள். இந்த மனிதனின் இரத்தத்திலும் இது ஓடிக்கொண்டிருக்கிறது, அது தெரியாமல் எனக்காக நெருப்பைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாரே, பாவம் என்று நினைத்தேன். அன்றைக்கு நான் அவருக்காகப் பாவப்பட்டதை இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் உறுத்துகிறது.

நெஞ்சுப் படம், வேறு சில இரத்தப் பரிசோதனைகள் எல்லாம் முடிந்து, திருவிழாவுக்கு அடுத்த வாரம் எனக்கு மருந்து தொடங்கினார்கள். மிஸ்ஸி ஒரு வெள்ளைப் போத்தலை எடுத்து என் முன்னால் திறந்தார். மேலே இருந்த சின்ன வெள்ளைப் பொட்டலத்தைக் காட்டினார்.

"இது ஈரம் பிடிக்காம இருக்கிறதுக்கு. திங்கிற சாமான் இல்ல."

மூடியில் ஒரு மாத்திரையைத் தட்டிப் போட்டார். வெள்ளை, நீளம், நடுவில் எழுத்து அழுத்தியிருந்தது. நான் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தேன். மகளின் கடையில் அது சீனி மூட்டை. மாத்திரையைப் பார்த்தேன். அதுவும் எனக்குத் தெரிந்த மாத்திரை.

"ஒரு நாளைக்கு ஒண்ணு. ஒரே நேரத்துல போடணும், ஒரு நாளும் தவறக்கூடாது. போன்ல அலாரம் வச்சிக்கங்க. வீட்டுல யாரும் பாத்துருவாங்கன்னு பயமா இருந்தா லேபல கிழிச்சிட்டுப் பையில வைங்க. நெறையப் பேர் அப்பிடித்தான் செய்றாங்க."

"சரி மிஸ்ஸி."

"எத்தன மணிக்கு வைக்கப் போறீங்க?"

"ஆறரைக்கு" என்றேன். "பின்னேரம் ஆறரைக்கு."

பதுளையிலிருந்து பஸ்ஸில் வந்தேன். தெமோதரை தாண்டும்வரை யன்னல் பக்கம் காற்று அடித்தது என்பது ஞாபகமிருக்கிறது. வேறு எதுவும் ஞாபகமில்லை. நான் சேர்த்து வைத்த வசனம் எதுவுமே தேவையில்லை என்று மட்டும் தெரிந்தது. அவரைக் காப்பாற்றப் போகிறேன் என்று அத்தனை நாள் ஓடிக்கொண்டிருந்தேன். அந்த ஓட்டம் நின்றுபோயிற்று.

மாலையில் அவர் ஸ்டோரிலிருந்து வந்து கால் கழுவினார். மகள் அக்கா வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் சுடவைத்து இரண்டு டம்ளரில் ஊற்றி மேசையில் வைத்தேன். ஆறரைக்கு அலாரம் அடித்தது. அவர் வழக்கம்போல் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பைக்குள் கைவிட்டு மாத்திரையை எடுத்தார். திரும்பியபோது மேசையில் என்னுடைய போத்தல் இருந்தது, லேபல் கிழிக்காமல். அதன் பக்கத்தில் என்னுடைய மாத்திரை.

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். அலாரத்தை நிறுத்த மறந்துவிட்டார், அது தானாக அடித்து ஓய்ந்தது.

"எப்ப குடுத்தாங்க?" என்றார்.

"இன்னைக்கு. ஒங்களுக்கு?"

"இருமல் வந்தப்ப. ரெண்டு வருஷம் ஆகுது."

"அட்டைக் கடின்னு சொன்னீங்களே."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அட்டைக் கடியா இருக்கட்டும்னு நெனச்சேன் புள்ள."

"அப்பறம் கேன்சரா இருக்கட்டும்னு நெனச்சீங்க."

தீச்சட்டி சுட்ட கொப்புளம் அவர் விரலில் இன்னும் காயாமல் இருந்தது. எனக்குக் கத்த வேண்டும் போல இருக்கும் என்று நினைத்தேன். அப்படி எதுவும் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"அங்க கேக்கலையா? பொஞ்சாதியக் கூட்டிட்டு வான்னு சொல்லலையா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கலியாணம் ஆகலைன்னு சொல்லிட்டேன்."

வெளியே யாரோ பீலியில் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாகச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தவள் நான். அவர் மறந்த நாளிலெல்லாம் பிள்ளையை அனுப்பிக் கூப்பிட்டு, திட்டி, அந்த மாத்திரையை விழுங்க வைத்தவள் நான். அவர் உடம்பைத் தேற்றியது அந்த மாத்திரை. அதே இரண்டு வருடத்தில் என் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது.

"தண்ணி ஆறுது. குடிங்க" என்றேன்.

அவர் குடித்தார். பிறகு நான் குடித்தேன். பெரிய மாத்திரை, முதல் தடவை தொண்டையில் நின்றது.

இப்போது ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவர் இஸ்தோப்பில் படுக்கிறார். கொழும்பு கிளினிக்கை விட்டுப் பதுளைக்கு மாறிவிட்டார், பதிவில் கலியாணமானவர் என்று எழுதிக்கொண்டார்கள். லயத்தில் இன்றைக்கும் அது அம்மன் விலக்கிய கேன்சர்தான். யாருக்காவது கட்டி வந்தால் என்னிடம் வந்து எப்படி வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்கிறார்கள். போன ஐப்பசியில் மறுபடி கூடை தூக்கினேன். நிஜமான ஒரு அட்டை தொடையில் ஏறிக் கடித்தது. சுண்ணாம்பு வைத்தேன், ஒரு வாரத்தில் காய்ந்துவிட்டது. அந்தக் காய்ந்த பக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டு பீலியில் தனியாக நின்று சிரித்தேன்.

ஆறரைக்கு இரண்டு போனும் அடிக்கும். நான் என் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன். அவருக்கு ஞாபகப்படுத்துவதை விட்டுவிட்டேன். கோயில் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தால் பேசிக்கொண்டிருக்கட்டும். ஆனால் மகளுக்கு அது பழக்கமாகிவிட்டது. யாரும் சொல்லாமலே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "அப்பா, மாத்திர!" என்று கத்திக்கொண்டு ஓடுகிறாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றுவரை அவளைத் தடுத்ததில்லை.